சிறிய கிட்டார் வாங்கும் முன்: ஒலியைக் கடைசியில் கேளுங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சில வருடங்களாகத் தெரிந்தவர்கள் யாராவது பழைய கிட்டார் பார்க்கப் போனால் என்னையும் துணைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கிட்டாரை மடியில் வைத்து ஒரு ஜி கார்டு மீட்டுவார்கள். அவ்வளவு சின்ன உடலிலிருந்து அவ்வளவு இனிமையான ஒலி வந்ததும் மனம் அங்கேயே முடிவு செய்துவிடும். அப்புறம் எந்தக் குறையும் கண்ணில் படாது.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். முதலில் உங்கள் கை, அப்புறம் அளவு, அப்புறம் நெக் (இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி), அப்புறம் உட்புறம், எல்லாம் முடிந்த பின் ஒலி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட சிறிய எஃகு அளவுகோல். 24 அங்குல நீளமுள்ள, வளையாத நேரான எஃகுச் சட்டம். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி. ஒலித்துளைக்குள் நுழையும் சிறிய விளக்கு. ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), சுருதி காட்டும் ட்யூனர் கருவி, ஒரு விசிட்டிங் கார்டு, புதிய கம்பி ஒரு செட். விற்பவரிடம் முன்கூட்டியே, "அளந்து பார்ப்பேன், உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம்.

1. முதலில் உங்கள் கையைப் பாருங்கள்

நீங்கள் விரலால் மீட்டுகிறீர்களா, பிக் எனும் சிறு தகட்டால் அடித்து வாசிக்கிறீர்களா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சிறிய கிட்டாரின் மேல்பலகை சிறியது. மெல்லத் தொட்டாலே அசைந்து பேசும். உள்ளே இருக்கும் காற்றும் குறைவு என்பதால் மந்தரக் கம்பிகள் குமுறாது. ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். விரல் மீட்டலுக்கும், பாடிக்கொண்டே வாசிப்பதற்கும், வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்வதற்கும் இது பொருந்துவது அதனால்தான். பெரிய கிட்டாரைப் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும், கீழ்ச்சுருதிக் குமுறலை அடக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

அதே காரணத்தால் பலமாக அடித்தால் சிறிய கிட்டார் சீக்கிரம் திணறும். ஓர் அளவுக்கு மேல் ஒலி அதிகரிக்காது, கரகரக்கத்தான் செய்யும். கூட்டத்தில் நின்று, மைக் இல்லாமல், பிக்கால் அடித்து வாசிப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடலே உங்களுக்கு ஏற்றது. அழகாக இருக்கிறதே என்று சின்னதை வாங்கிய இருவர் ஆறு மாதத்துக்குள் விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

தோள்வலி உள்ளவர்களும் சோபாவில் உட்கார்ந்து வாசிப்பவர்களும் இன்னொன்றையும் கவனிக்கலாம். வலது கை உடலின் மேல் ஏறி வளைய வேண்டிய தூரம் சிறிய கிட்டாரில் குறைவு. ஒரு மணி நேரம் வாசித்தால் வித்தியாசம் தெரியும்.

2. அளவின் பெயரை நம்பாமல் அளந்து பாருங்கள்

மார்ட்டின் நிறுவனத்தின் எண்முறைதான் பலருக்கும் பொது மொழி. அதில் பூஜ்யம் கூடினால் உடல் பெரிதாகும். உடலின் அகன்ற கீழ்ப்பகுதி 0 அளவில் 13½ அங்குலம், 00 அளவில் 14 5/16, 000 அளவில் 15. ட்ரெட்நாட் 15⅝.

15க்கும் 15⅝க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆழத்தைப் பாருங்கள். 000 உடலின் ஆழம் கீழ்முனையில் சுமார் 4⅛ அங்குலம், ட்ரெட்நாட்டில் 4⅞. அந்த முக்கால் அங்குலமும், இடுப்பு எவ்வளவு ஒடுங்குகிறது என்பதும்தான் மடியில் உணரப்படும் வித்தியாசம். அகலத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு.

கிப்சனின் எல்-00 உடல் 14¾ அங்குலம். எல்ஜி வரிசை 14 அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டுக்கும் மார்ட்டின் 00 அளவுக்கும் எண்ணில் அதிக தூரமில்லை, வடிவமும் குணமும் வேறு. "பார்லர்" என்ற சொல்லை இன்று எந்தச் சின்ன கிட்டாருக்கும் ஒட்டுகிறார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் மூன்று அளவைக் கேட்டு வாங்குங்கள்: கீழ்ப்பகுதி அகலம், ஆழம், ஸ்கேல் நீளம்.

பென்சில்வேனியாவின் நாசரேத் நகரில் உள்ள மார்ட்டின் தொழிற்சாலைக்குப் போக முடிந்தால் போங்கள். அங்கே பார்வையாளர்கள் கிட்டார்களை எடுத்து வாசித்துப் பார்க்க இடம் இருக்கிறது. வெவ்வேறு அளவுகளை அடுத்தடுத்து மடியில் வைத்துப் பார்த்தால் எந்த அளவு வேண்டும் என்பதை உடம்பே சொல்லிவிடும். போக முடியாதவர்கள் அருகில் உள்ள பெரிய இசைக்கருவிக் கடையில் இதையே செய்யலாம். அன்று எதையும் வாங்க வேண்டாம், உட்கார்ந்து பார்த்தால் போதும்.

3. ஸ்கேல், நட், எத்தனையாவது ஃப்ரெட்டில் உடல் சேர்கிறது

ஸ்கேல் என்பது கம்பி அதிரும் நீளம். நட் என்பது தலைப்பக்கம் கம்பிகள் தங்கிச் செல்லும் சிறு துண்டு. ஃப்ரெட் என்பது நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. மார்ட்டினின் 000, ஓஎம் இரண்டுக்கும் உடல் ஒன்றுதான். 14 ஃப்ரெட் 000 மாடலில் வழக்கமாக 24.9 அங்குலம், ஓஎம் மாடலில் 25.4. கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே கம்பியை அதே சுருதியில் கட்டினால் 24.9இல் இழுவிசை சுமார் 4 சதவீதம் குறையும். எண் சின்னது, இடது கைக்குப் பெரியது. கம்பியை வளைத்து வாசிப்பவர்கள் உடனே உணர்வார்கள்.

டெய்லரின் ஜிஎஸ் மினியில் ஸ்கேல் 23.5 அங்குலம். அங்கே இழுவிசை சுமார் 14 சதவீதம் இறங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் அதில் தடித்த கம்பி போட்டு விற்கிறார்கள். "மெல்லிய கம்பி போட்டால் இன்னும் சுலபமாக இருக்குமே" என்று மாற்றியவர்கள், கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கிறது என்று வந்து நிற்பார்கள்.

நட் அகலம் விரல் மீட்டுபவருக்கு உயிர். 1 11/16 அங்குலம் (43 மி.மீ.) என்றால் ஒடுக்கம், 1¾ (44.5 மி.மீ.) என்றால் வசதி, பழைய 12 ஃப்ரெட் கிட்டார்களில் 1⅞ வரை போகும். 1960களின் நடுவில் கிப்சன் நட் அகலத்தை 1 9/16 அளவுக்குக் குறைத்தது. அந்தக் காலத்து பி-25 விலை மலிவாகக் கிடைத்து மகிழ்ந்த ஒருவருக்கு, வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் விரல்கள் ஒன்றோடொன்று மோதுவது தெரிந்தது. நட் அகலத்தைப் பின்னால் மாற்ற முடியாது. அதனால் இதை இப்போதே அளந்துவிடுங்கள்.

உடல் 12ஆவது ஃப்ரெட்டில் சேரும் கிட்டாரில் பிரிட்ஜ் (வீணையில் குதிரை என்போமே, அதன் வேலையைச் செய்வது) மேல்பலகையின் அகன்ற பகுதிக்கு நடுவே நகர்ந்து உட்கார்கிறது. பலகை அங்கேதான் எளிதாக அசையும். ஒலி உருண்டு, கனிவாக வரும். 14ஆவது ஃப்ரெட்டில் சேரும் கிட்டாரில் மேல் சுரங்களுக்குக் கை எளிதாக எட்டும், ஒலியும் சற்றுக் கூர்மையாகும். நீங்கள் 10ஆவது ஃப்ரெட்டைத் தாண்டுவது அபூர்வம் என்றால் 12 ஃப்ரெட் கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

4. பழையதா, புதியதா

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் சிறிய கிட்டார் புதியதாக, அல்லது கடந்த இருபது வருடத்துக்குள் செய்ததாக இருக்கட்டும். பழையதை இரண்டாவதாக வாங்குங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு கிட்டார் கையில் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குப் பழையதில் எது குறை, எது குணம் என்று பிரிக்கத் தெரியாது.

புதியவற்றில் விலை குறைந்த இடத்தில் யமஹா எஃப்எஸ்800 நிற்கிறது. மேல்பலகை முழுமரம், உடல் மெலிந்தது. பயணத்துக்கு ஜிஎஸ் மினி அல்லது 23 அங்குல ஸ்கேல் உள்ள லிட்டில் மார்ட்டின். முழுக்க மஹோகனியில் செய்த மார்ட்டின் 00-15எம், 000-15எம் இரண்டும் பழைய ஒலிக்கு மிக அருகில் வருபவை, பழையதன் தலைவலி இல்லாதவை.

பழையதில் எளியவர் கைக்கு எட்டுபவை மார்ட்டின் 0-15, 0-17, 00-17 போன்ற மஹோகனி மாடல்கள், கிப்சன் எல்ஜி வரிசை, அதன்பின் வந்த பி-25. இங்கே மூன்று எச்சரிக்கை.

ஒன்று, ட்ரஸ் ராட். நெக் வளையாமல் காக்க அதற்குள் வைக்கும் தண்டு அது. மார்ட்டின் 1985 வரை திருகிச் சரிசெய்யக்கூடிய ட்ரஸ் ராட் வைக்கவில்லை. நெக்குக்குள் அசையாத எஃகு, போர்க்காலத்தில் கருங்காலி. ஆகவே பழைய மார்ட்டினின் நெக் வளைந்திருந்தால் திருகு ஒன்றைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. கிப்சனில் 1920களிலிருந்தே சரிசெய்யும் ராட் உண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செய்த சில மட்டும் விதிவிலக்கு.

இரண்டு, பிரேஸிங். மேல்பலகைக்கு அடியில் ஒட்டிய மரச்சட்டங்களின் அமைப்பு அது. எல்ஜி-2 மாடலில் எக்ஸ் வடிவம். எல்ஜி-0, எல்ஜி-1 இரண்டிலும் ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். ஏணி அமைப்பில் ஒலி நேரடியாக, கொஞ்சம் வறண்டு, ப்ளூஸுக்கு ஏற்றபடி வரும். எக்ஸ் அமைப்பில் நீண்டு ஒலிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முகம். எல்ஜி-2 என்று நினைத்து எல்ஜி-1 வாங்கியவர்கள் உண்டு. ஒலித்துளைக்குள் கண்ணாடி விட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்று, இதுதான் ஆபத்தானது. 1920களுக்கு முன் செய்த பெரும்பாலான சின்ன கிட்டார்கள் குடல்நரம்புக் கம்பிக்காகக் கட்டப்பட்டவை. எஃகுக் கம்பி ஒரு சாதாரண 12-53 செட்டில் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) மொத்தம் 70 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்த மென்மையான பலகை சில மாதங்களில் குமிழ்ந்து, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். அப்படிப்பட்டதில் நைலான் மட்டும் கட்டுங்கள். விற்பவர் ஏற்கெனவே எஃகு கட்டி வைத்திருந்தால் அது தாங்குகிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

5. எந்த வருடம் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்

மார்ட்டினில் இது எளிது. ஒலித்துளை வழியாக நெக் பக்கம் பார்த்தால் உள்ளே உள்ள மரக்கட்டையில் வரிசை எண் குத்தப்பட்டிருக்கும். 1930 இறுதியிலிருந்து மாடல் பெயரும் சேர்ந்திருக்கும். 1940 முடிவில் எண் 76734, 1950 முடிவில் 117961, 1960 முடிவில் 175689, 1970 முடிவில் 271633. இந்த நான்கு எண்ணைக் கைபேசியில் குறித்துக்கொண்டால் பத்தாண்டு அளவிலாவது விற்பவர் சொல்வதைச் சரிபார்க்கலாம்.

கிப்சன் குழப்பம் பிடித்தது. 1960களில் ஒரே எண் பல கிட்டாருக்கு வந்திருக்கிறது. அங்கே எண்ணை விட உறுப்புகளைப் பாருங்கள்: நட் அகலம், தலைப்பகுதியின் பெயர் எழுத்து, பிரிட்ஜ். 1960களின் தொடக்கத்தில் பல சிறிய கிப்சன்களில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் பிரிட்ஜை உள்ளிருந்து திருகாணி போட்டுப் பொருத்தினார்கள். அது அசலாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடயம். மரத்தில் மாற்றப்பட்டிருந்தால் வாசிப்பவருக்கு லாபம். நான் மாற்றப்பட்டதையே விரும்புவேன்.

6. நெக் கோணம்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

பல பத்தாண்டுகள் கம்பி இழுத்ததில் உடல் மெல்ல மடங்கி, நெக் முன்னோக்கிச் சாய்ந்து, கம்பி விரல்பலகையை விட்டு உயரும். இதைச் சரிசெய்ய நெக்கை நீராவியால் கழற்றி, அடிப்பகுதியைச் செதுக்கி, புதிய கோணத்தில் ஒட்ட வேண்டும். நெக் ரீசெட் என்பது அதுதான். அமெரிக்காவில் இதற்குப் பல நூறு டாலர் ஆகும். ஆகவே கிட்டாரின் உண்மையான விலை இந்தப் படியில்தான் தெரியும்.

அ. முதலில் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கடைகளில் பழைய கிட்டாரை அரைச் சுருதி, முழுச் சுருதி இறக்கி வைத்திருப்பார்கள். தளர்ந்த கம்பியில் எடுக்கும் எந்த அளவும் பொய். சுருதி சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள், மீண்டும் சேர்த்த பிறகு அளவைத் தொடங்குங்கள்.

ஆ. நெக்கின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 14ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை, அதாவது தடித்ததை, அழுத்துங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோடு. நடுவே, 7ஆவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு தாராளமாகப் போய் வந்தால் வளைவு அதிகம். இதை முதலில் பார்ப்பதற்குக் காரணம், வளைவு அதிகமாக இருந்தால் அடுத்த அளவும் கூடிக் காட்டும்.

இ. ஆக்‌ஷன், அதாவது கம்பியின் உயரம். கேப்போவை எடுத்துவிட்டு 12ஆவது ஃப்ரெட்டின் மேல் அளக்கவும். ஆறாவது கம்பிக்கு சுமார் 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 முதல் 1.8 இருந்தால் பெரும்பாலோருக்குச் சுகம்.

ஈ. சாடில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பிரிட்ஜில் கம்பி ஏறி நிற்கும் எலும்புத் துண்டுதான் சாடில். அது பிரிட்ஜுக்கு மேலே குறைந்தது 3 மி.மீ. தெரிய வேண்டும். 12ஆவது ஃப்ரெட் கம்பியின் பாதித் தூரம் என்பதால், அங்கே அரை மி.மீ. குறைக்க சாடிலில் ஒரு மி.மீ. சீவ வேண்டும். ஆக்‌ஷன் 3.2 என்று வைத்துக்கொள்வோம். 2.4க்கு வர 1.6 மி.மீ. சீவ வேண்டும். சாடிலோ 2 மி.மீ.தான் வெளியே தெரிகிறது. சீவினால் கம்பி அழுந்த இடமே இருக்காது, ஒலி செத்துவிடும். அந்தக் கிட்டாருக்கு ரீசெட் தேவை என்று பொருள்.

இதில் ஒரு மறைப்பு நடக்கும். ரீசெட் செலவைத் தவிர்க்க யாரோ எப்போதோ பிரிட்ஜையே மேலிருந்து இழைத்துத் தட்டையாக்கியிருப்பார்கள். அப்போது சாடில் வெளியே தாராளமாகத் தெரியும், ஆக்‌ஷனும் சரியாக இருக்கும். அதனால் பிரிட்ஜின் கனத்தையும், பிரிட்ஜுக்கு முன்னால் மேல்பலகையிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதையும் அளக்க வேண்டும். கம்பி 11 முதல் 13 மி.மீ. உயரத்தில் போனால் ஆரோக்கியம். 9க்குக் கீழே என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். பலகையை ஆட்டும் நெம்புவிசை அந்த உயரத்திலிருந்துதான் வருகிறது. அது குறைந்தால் எவ்வளவு நல்ல மரமும் முழுதாகப் பேசாது.

உ. எஃகுச் சட்டத்தை ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து பிரிட்ஜ் நோக்கி நகர்த்துங்கள். சட்டத்தின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டோ சற்று மேலேயோ போனால் கோணம் நன்று. பிரிட்ஜின் முன்முகத்தில், விளிம்புக்குக் கீழே இடித்தால் நெக் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு கீழே இடிக்கிறதோ அவ்வளவு செலவு.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, ஆக்‌ஷன் உயர்ந்திருந்தால் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது. ட்ரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டும் மாற்றும், நெக் உடலோடு சேரும் கோணத்தைத் தொடாது. பலமாகத் திருகி ராடை முறித்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 1950களின் 0-15 ஒன்று. தேன் போன்ற ஒலி. சாடில் கிட்டத்தட்ட பிரிட்ஜோடு சமமாக இருந்தது. அளவுகோல் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. கோடைக்காலத்தில் ஈரப்பதத்தில் பலகை உப்பியதும் ஆக்‌ஷன் 3.5க்கு ஏறிவிட்டது. ரீசெட்டுக்குக் கொடுத்த பணத்தையும் சேர்த்தால், ஏற்கெனவே ரீசெட் முடித்து அடுத்த கடையில் இருந்த இன்னொரு 0-15ஐ வாங்கி, கையில் மிச்சமும் வைத்திருக்கலாம்.

7. மேல்பலகையும் உட்புறமும்

பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை கொஞ்சம் உப்பியிருப்பது இயல்பு. முழுத் தட்டையான பழைய பலகையைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பிரிட்ஜுக்கு முன்னால், ஒலித்துளை பக்கம் குழி விழுந்திருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. இது சின்னப் பழுதுதான், கவனிக்காமல் விட்டால் மேல்பலகையின் இழைகளையும் பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்து கண்ணாடியும் விளக்கும். பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டியிருக்கும் கனமான மரத்தட்டில் கம்பியின் குண்டு முனைகள் பதிந்து நிற்க வேண்டும். துளைகள் கிழிந்து பெரிதாகி, குண்டுகள் மேல்பலகைக்குள் ஏறியிருந்தால் அந்தத் தட்டைச் சீர்செய்ய வேண்டும். பிறகு விரல் முட்டியால் மேல்பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்காவது படபடவென்று சத்தம் வந்தால் அங்கே ஒரு சட்டம் பசை விட்டிருக்கிறது. பசை வைத்து ஒட்டினால் சரியாகிவிடும். விலை பேசும்போது சொல்ல மறக்காதீர்கள்.

விரிசல் என்றதும் ஓட வேண்டாம். உள்ளே சின்ன மரத்துண்டுகள் குறுக்கே ஒட்டி, நன்றாக மூடிய விரிசல் பல பத்தாண்டு தாங்கும், ஒலியையும் கெடுக்காது. பழைய மார்ட்டின்களில் பிக்கார்டின் (பிக் உரசாமல் பலகையைக் காக்கும் தகட்டின்) ஓரத்தில் ஒரு விரிசல் அடிக்கடி இருக்கும். அந்தத் தகட்டைப் பூச்சுக்கு முன்பே வெறும் மரத்தில் ஒட்டினார்கள். தகடு வருடக்கணக்கில் சுருங்கும்போது மரத்தையும் இழுத்துப் பிளக்கிறது. இது பலருக்கும் தெரிந்த, எளிதில் சரிசெய்யக்கூடிய பழுது. கவலைப்பட வேண்டியது, நகம் பட்டால் விளிம்பு ஏற்ற இறக்கமாக உணரப்படும் திறந்த விரிசலும், உடலோடு நெக் சேரும் இடத்தில் தெரியும் கோடும்தான்.

மறுபூச்சு பூசியிருந்தால் சேகரிப்பாளர்களுக்கு மதிப்பு பாதியளவுக்கு விழுவது வழக்கம். வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு இது வாய்ப்பு. மெல்லிய மறுபூச்சுள்ள நல்ல கிட்டார் மலிவாகக் கிடைக்கும். பூச்சு கண்ணாடி போலத் தடித்திருந்தால் மட்டும் ஒதுக்குங்கள், அது பலகையை இறுக்கிப் பிடிக்கும்.

8. ஃப்ரெட், ட்யூனர்

ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் ஒரு முறை மீட்டுங்கள். கரகரப்பு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட்டில் குழி விழுந்திருந்தால் ஒரு முறை சமப்படுத்தலாம், ஏற்கெனவே தேய்ந்து தட்டையாக இருந்தால் மாற்ற வேண்டும். இங்கே ட்யூனர் என்பது தலைப்பகுதியில் கம்பியை முறுக்கும் திருகு. அது இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் போதும். அசலைக் கழற்றிப் புதியது போட அவசரப்பட வேண்டாம்.

9. இப்போது கேளுங்கள்

இதுவரை வந்த கிட்டாரைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் கொண்டுபோன புதிய கம்பியைப் போட அனுமதி கேளுங்கள். துருப்பிடித்த கம்பியில் எல்லாக் கிட்டாரும் ஒன்று போலவே ஒலிக்கும்.

சுவரில் தொங்கும் ட்ரெட்நாட்டை வாசித்துவிட்டு உடனே சின்னதை எடுக்காதீர்கள். அதிக ஒலியை நல்ல ஒலி என்று காது ஏமாந்துவிடும். இரண்டு நிமிடம் எதுவும் வாசிக்காமல் இருந்து, பிறகு தொடங்குங்கள்.

முதலில் உங்களால் முடிந்த அளவு மெதுவாக மீட்டுங்கள். நல்ல சிறிய கிட்டார் அந்த மெதுவிலேயே முழுச் சுரத்தையும் தரும். பின் படிப்படியாகப் பலமாக மீட்டி, எங்கே திணறுகிறது என்று பாருங்கள். அந்த எல்லை உங்கள் கைப்பழக்கத்துக்கு மேலே இருந்தால் போதும். மூன்றாவது கம்பியில் 5 முதல் 9ஆவது ஃப்ரெட் வரை தனியாகக் கேளுங்கள். சுமாரான கிட்டார்கள் மெலிந்துபோவது இங்கேதான்.

கூட வந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி எதிரில் நின்று கேளுங்கள். கிட்டாரின் ஒலி முன்னால் போகிறது, வாசிப்பவர் காதுக்கு அதில் ஒரு பங்குதான் வருகிறது. கைபேசியில் ஒரு நிமிடம் பதிந்துகொண்டு வெளியே போய்க் கேளுங்கள். கடைக்குள் இருந்த மயக்கம் அங்கே கொஞ்சம் தெளியும்.

10. விலை

குறித்து வைத்த பழுதுகளுக்கு ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் உத்தேசச் செலவு கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள அதே மாடலின் விலையிலிருந்து அதைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் கொடுக்க வேண்டிய விலை. "பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலுக்குக் கழிக்காமல் விடாதீர்கள்.

11. வீட்டுக்கு வந்தபின்

கம்பி: 000, ஓஎம் உடல்களுக்கு 12-53. பழைய 0, 00 உடல்களுக்கு 11-52. ஏணி பிரேஸிங் உள்ளவற்றுக்கு 10-47இல் தொடங்குங்கள். குறைந்த இழுவிசையில் பலகை சுதந்திரமாக அசைவதால் ஒலி நீங்கள் பயப்படும் அளவுக்குக் குறையாது.

ஈரப்பதம்: 45 முதல் 55 சதவீதம். கிட்டார் பெட்டிக்குள் ஓர் ஈரப்பதமானி போடுங்கள். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று மிகவும் வறண்டு, பலகை சுருங்கிப் பிளக்கும். பெட்டிக்குள் ஈரம் தரும் பை வைக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊருக்குக் கொண்டுபோனால் சிக்கல் தலைகீழ். பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும், அங்கே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை தேவை. இரவில் ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்று மாறி மாறி இருக்கும் அறை இரண்டையும் விடக் கெடுதல். எந்த ஊரிலும் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப் போகாதீர்கள். பழைய பசை அந்தச் சூட்டில் இளகும்.

எல்லை தாண்டுவது: பிரேசில் ஈட்டி மரம், ரோஸ்வுட் என்று விற்பவர் சொல்வது, 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேச உடன்படிக்கையில் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று இல்லாமல் அதை விமானத்தில் எடுத்துப் போனால் கிட்டாரையே இழக்கலாம். மார்ட்டின் 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். அந்த மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. கவனிக்க வேண்டியது, 1969க்கு முந்தைய மஹோகனி கிட்டாரிலும் விரல்பலகையும் பிரிட்ஜும் பிரேசில் ஈட்டியாக இருக்கலாம். "இது மஹோகனிதானே" என்று பெட்டியில் போட்டுக் கிளம்பிவிடாதீர்கள், மரம் எது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு விசாரியுங்கள்.

கடைசியாக, வாங்கிய ஒரு வாரத்தில் ஆறாம் படியின் எல்லா அளவுகளையும் மீண்டும் எடுத்து, தேதியும் ஈரப்பதமும் சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பருவம் மாறியதும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். கோடையில் ஏறி, குளிரில் பழைய எண்ணுக்கே இறங்கினால் அது மரம் மூச்சு விடுவது. வருடம் முடிந்தும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.